முகக்காசு

வேலாயுதம் அண்ணாச்சி மட்டும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது.

ஒப்பந்தத்தில் ஒரு குறையும் இல்லை. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிற அண்ணாச்சி, உள்ளூர்ப் பெண்கள் கல்லூரியின் ஹாக்கி கோல்கீப்பர் சண்முகக்கனியின் படத்தைத் தன் மிட்டாய்ப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். அதற்காக மாதாமாதம் அவளுக்குப் பணம் தருவார். ஆடிட்டர் மெனக்கெட்டு உட்கார்ந்து எழுதியது. அதில் ஹாக்கி என்ற சொல் மருந்துக்கும் கிடையாது; இருக்கவும் கூடாது. கல்லூரி விளையாட்டுச் சட்டம் வந்த பிறகு, ஆடுவதற்காக எந்த மாணவருக்கும் யாரும் பணம் கொடுக்க முடியாது. முகத்துக்காகக் கொடுக்கலாம். முன்னதை ஆட்டக்காசு என்றும் பின்னதை முகக்காசு என்றும் பிள்ளைகள் பேர் வைத்திருந்தார்கள். முகக்காசு சுத்தம், ஆட்டக்காசு தீட்டு. இரண்டும் ஒரே ஆளின் சட்டைப்பையிலிருந்துதான் வரும் என்பது வேறு விஷயம்.

தெற்கே ஒரு பழக்கம் உண்டு. மைதானத்தில் யாராவது நன்றாக ஆடிவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கிற பெரிய மனிதர்களுக்குக் கை பரபரக்கும். வர்ணனை செய்கிறவரிடம் ஒரு துண்டுச்சீட்டு போகும். இன்னார் சார்பாக இந்த ஆட்டக்காரருக்கு இவ்வளவு என்று மைக்கில் அறிவிப்பு வரும். கூட்டம் விசிலடிக்கும். கொடுத்தவர் எழுந்து நின்று கும்பிடுவார். வாங்குகிறவரைவிடக் கொடுக்கிறவருக்குத்தான் அதில் குஷி அதிகம்.

பல்கலைக்கழக அரையிறுதியில், கடைசி நிமிடத்தில் வந்த பெனால்டி ஸ்ட்ரோக்கைச் சண்முகக்கனி காலை வீசித் தடுத்தாள். அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. துண்டுச்சீட்டு எழுதக்கூடப் பொறுமையில்லாமல் மேடைக்கு ஓடி மைக்கைப் பிடுங்கி, "நம்ம மிட்டாய்க் காசு வீண்போகல! ஃபைனல்லயும் இதே மாதிரி நிக்கட்டும், அடுத்த வருஷம் ஒப்பந்தம் ரெண்டு மடங்கு!" என்று முழங்கிவிட்டார். தோற்ற கல்லூரிக்காரர்கள் அதைப் படம் பிடித்து, அன்றைக்கு மாலையே மதுரையில் உள்ள விளையாட்டு நெறி ஆணையத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆணையத்தில் அந்தப் புகார் சுடர்க்கொடியின் மேசைக்கு வந்தது. சுடர்க்கொடி ஒரு காலத்தில் பெயர்பெற்ற கபடி ஆட்டக்காரி. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு வந்தவள். சேர்ந்த புதிதில் ஃபைல் என்றால் என்ன நிறம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. காலையில் மைதானம், மாலையில் மைதானம், மாதம் பிறந்தால் சம்பளம். முழங்கால் போன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அதையும் ஒழுங்காகச் செய்தாள். வளைந்து கொடுக்காதவள் என்று பெயர்.

விசாரணைக்கு அண்ணாச்சியும் கனியும் வந்தார்கள். அண்ணாச்சி கையில் ஒரு டப்பா மிட்டாய். அதை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

"மேடம், அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. எங்க ஊர்ல மைதானத்துல மைக்கக் கண்டா நாலு பேரு நாலு விதமாச் சொல்லத்தான் செய்வாங்க. அதப் போயி பெருசா எடுக்கலாமா?"

"பேச்சுக்குச் சொன்னதா, மனசுல இருந்ததான்னு நான் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. மெஷின் சொல்லிரும்."

அந்த மெஷினுக்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. அலுவலகத்தில் எல்லோரும் அதை 'இல்லேன்னா' என்றுதான் சொல்வார்கள். பார்ப்பதற்குப் பழைய இரும்பு பீரோ மாதிரி இருக்கும். அதை இயக்குகிற சிக்கந்தர், அண்ணாச்சியின் முழியைப் பார்த்து இரக்கப்பட்டு விளக்கினான்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. இது உலகத்துல இருந்து ஏதாவது ஒண்ணே ஒண்ணை உருவிட்டு, மிச்சம் என்ன ஆகும்னு பாக்கும். அது இல்லேன்னா என்னன்னு. சீட்டுக்கட்டு வீட்டுல ஒரு சீட்டை உருவுற மாதிரி. இப்ப நாம ஹாக்கியை உருவப் போறோம். தங்கச்சி ஒரு நாள்கூட ஹாக்கி ஆடவே இல்லேன்னு வச்சுக்கிட்டா உங்க ஒப்பந்தம் நிக்குதா விழுதா? பாதிக்கு மேல நின்னா முகக்காசு. விழுந்துட்டா ஆட்டக்காசு."

"அது சொல்றத நம்ப முடியுமா?"

"உங்க ஊர்ல யாரு எதை வாங்குனா, எதை வித்தா, எங்க போனா, என்ன பேசுனா, அம்புட்டும் இதுக்குள்ள இருக்கு. கோர்ட்டே நம்புது. நாம நம்பாம என்ன செய்ய?"

கனி குறுக்கிட்டுக் கேட்டாள்.

"சார், ஹாக்கிய உருவிட்டா நான் எங்க இருப்பேன்?"

"அது கணக்குக்குத் தேவையில்லம்மா."

"நான் எங்கயாவது இருந்தாத்தான கணக்கு வரும்? சும்மா சொல்லுங்க."

சிக்கந்தர் சுடர்க்கொடியைப் பார்த்தான். காட்டக்கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. அவள் தலையசைத்தாள். அசைத்திருக்க வேண்டாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்தாள்.

"தீப்பெட்டி ஆபீஸ்ல இருக்கம்மா. அம்மா பக்கத்துலயே உக்காந்து குச்சி அடுக்குற. காலேஜ் இல்ல." திரையை இன்னும் கொஞ்சம் நகர்த்தினான். "கல்யாணம் ஆயிருச்சு."

"யாரு சார் மாப்பிள்ளை?"

"பேரெல்லாம் வேண்டாம்மா."

"ஆமா, சொல்லிராதீங்க. ஊருக்குப் போயி அவனைப் பாத்தா சிரிச்சிருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கனியும் சிரித்தாள். ஆனால் அவள் வலது கை இடது கையை விடாமல் பிசைந்துகொண்டிருந்ததைச் சுடர்க்கொடி பார்த்தாள்.

ஹாக்கியை உருவியதும் ஒப்பந்தம் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. நின்றது ஏதோ சொச்சம். ஹாக்கி இல்லாத கனியின் முகம், பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகத்தைவிட ஒரு மிட்டாய்கூட அதிகம் விற்காது என்றது மெஷின். அண்ணாச்சி முகத்தில் ஈயாடவில்லை. மனதுக்குள் அவருக்கும் தெரிந்ததுதான். ஆடுகிற பெண் என்பதால்தான் படத்தைப் போட்டார். அதில் மறைக்க என்ன இருக்கிறது? மறைக்கச் சொன்னது சட்டம்.

கல்லூரிப் படிப்பு முடியும்வரை கனி எந்தப் போட்டியிலும் ஆடக்கூடாது என்று சுடர்க்கொடி உத்தரவு எழுதினாள். அப்படியென்றால் மாநில அணி முகாமுக்கும் வழி அடைபட்டது. கனி கோவில்பட்டி மண்ணில் விழுந்து புரண்டதெல்லாம் அந்த முகாமுக்காகத்தான்.

"மேடம், ஒண்ணு கேக்கேன்," என்றாள் கனி. அழவில்லை. "நான் காசுக்காக ஆடல. காசு வந்ததால ஆட முடிஞ்சுது. ரெண்டும் ஒண்ணா?"

நல்ல கேள்வி என்று சுடர்க்கொடிக்குத் தோன்றியது. ஆனால் நல்ல கேள்விக்கெல்லாம் உத்தரவில் இடம் இருக்கிறதா?

"சட்டம் அப்படிப் பிரிச்சுப் பாக்கலைம்மா," என்றாள்.

அவர்கள் போன பிறகு சிக்கந்தர் திரையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "மேடம், உங்க வேலையில இருந்து கபடியை உருவிப் பாக்கலாமா? சும்மாதான், டீ வர்ற வரைக்கும்."

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க சிக்கந்தர்."

ஆட்டத்துக்கு அரசு வேலை கொடுத்தால் அது ஆட்டக்காசு ஆகாது என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அவள் செய்தது எதுவும் தப்பில்லை. அன்றைக்கு வந்த டீயை மட்டும் அவளால் குடிக்க முடியவில்லை.

இறுதியாட்டத்தில் கனியின் கல்லூரி படுதோல்வி அடைந்தது. மாற்று கோல்கீப்பர் பந்தைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொண்டாளாம். கம்பிவேலிக்கு வெளியே உட்கார்ந்து கனி அதைப் பார்த்துக்கொண்டிருந்ததை யாரோ படம் எடுத்தார்கள். கையில் ஸ்டிக் இல்லை, கால்களில் கவசம் இல்லை. வேலியைப் பிடித்திருக்கும் விரல்களும் அந்த முகமும்தான் படம். ஒரே வாரத்தில் அது நாடெங்கும் பரவிவிட்டது.

ஊர் முதலில் கோபத்தில் மிட்டாய் வாங்கியது. வேண்டாதவர்கள்கூட ஆளுக்கு நாலு பாக்கெட் வாங்கினார்கள். பிறகு சென்னையில் இருந்து ஒரு பெரிய குளிர்பானக் கம்பெனி வந்து இறங்கியது. பேருந்து நிலையம், ரயில் நிலையம் எங்கும் வேலிக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் கனி. கீழே, 'தடுத்தவளைத் தடுத்தது யார்?' என்று கொட்டை எழுத்து. தடுத்தது யார் என்று சுடர்க்கொடிக்குத் தெரியும். தினமும் அந்தப் பதாகையின் கீழ் நின்றுதான் அவள் பஸ் ஏறினாள்.

முதல் சில நாள் எரிச்சலாக வந்தது. விதிப்படி நடந்ததற்கு ஊரே கரித்துக்கொட்டினால் யாருக்குத்தான் எரியாது? பிறகு ஒரு காலையில், பதாகையை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும்போது, பளிச்சென்று ஒன்று உறைத்தது. இந்தப் பெண் இப்போது ஹாக்கி ஆடவில்லை. ஆனாலும் முகம் விற்கிறது. அப்படியானால்?

அலுவலகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"சிக்கந்தர், மெஷின் தப்புப் பண்ணிருச்சு."

"தப்பில்ல மேடம். போட்ட அன்னைக்கு அது சரி. ஹாக்கியை உருவச் சொன்னோம், உருவிச்சு. அதை வச்சு நாம தடை போடுவோம், ஊரு கொதிக்கும், ஒருத்தன் படம் எடுப்பான்னு அதுகிட்ட சொன்னோமா? அதுக்கு உலகத்துல எல்லாம் தெரியும். தன்னை மட்டும் தெரியாது. பீரோவுக்குள்ள பீரோவை எப்படி வைக்க முடியும்?"

"திரும்பப் போடுங்க. இப்ப உள்ள நிலைமையில. ஹாக்கியை உருவிட்டுப் பாருங்க."

"அதான் நாமளே உருவிட்டோமே," என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டான். கனியின் முகத்துக்கான மதிப்பு அசையாமல் நின்றது. ஒரு சொச்சம்கூடக் குறையவில்லை.

சட்டம் கேட்டது இதைத்தானே? கனியின் முகத்துக்குத் தனியாக மதிப்பு இருக்கிறது. அவள் வாங்குவது சுத்தமான முகக்காசு. தடைக்கு இனி முகாந்திரமே இல்லை. சுடர்க்கொடி தன் உத்தரவைத் தானே எதிர்த்து எழுதினாள். மேலதிகாரி சிரித்தார், பிறகு திட்டினார், அதற்கும் பிறகு ஃபைலைக் கிடப்பில் போட்டார். அவள் விடவில்லை. அறைக்கு அறை ஏறி இறங்கினாள். போன முழங்காலோடு அவள் படிக்கட்டில் ஏறுவதைப் பார்த்தே பலர் கையெழுத்துப் போட்டார்கள் என்று சொல்ல வேண்டும். ஒருவழியாகத் தடை ரத்தானது. தபாலில் அனுப்பினால் போதும்தான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினாள். கபடியில் கடைசிப் பிடி பிடித்து ஜெயித்த நாட்களில் இருந்த சந்தோஷம் அன்றைக்கு அவளுக்கு இருந்தது.

முதலில் அண்ணாச்சி கடைக்குத்தான் போனாள். பாக்கெட்டுகளில் இப்போது ஒரு கடலைச்செடி படம் இருந்தது.

"அவ இப்ப எம் பாக்கெட்டுல இல்ல மேடம். கம்பெனிக்காரன் மொத்தமா வாங்கிட்டான். அவங் கொடுக்கதுல கால்வாசி நம்மால முடியுமா?" என்றார் அண்ணாச்சி. காகிதத்தைக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "திரும்ப நிப்பாளா மேடம்? சத்தியமாச் சொல்லுதேன், இனி மைக்கு இருக்க திசைக்கே போக மாட்டேன்."

கனியின் வீட்டுக்குப் புதிதாகச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். கனியின் அம்மா நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். கைகளில் தீக்குச்சி மருந்தின் கறை இன்னும் போகவில்லை. ஆனால் பகல் வேளையில் வீட்டில் இருந்தாள். கனி உத்தரவை ஒருமுறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரொம்ப அலைஞ்சிருப்பீங்க போலருக்கு. நல்லா இருக்கணும்க்கா நீங்க."

மேடம், அக்கா ஆகிவிட்டாள். ஆனால் அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை.

"என்னம்மா, நாளைக்கே மைதானத்துக்குப் போகலாம். முகாமுக்குப் பேரு அனுப்ப இன்னும் நாள் இருக்கு. நான் விசாரிச்சிட்டுத்தான் வந்தேன்."

"ஆடக்கூடாதுக்கா. எழுதிருக்கு."

"யாரு எழுதினது? நான் எழுதினதைத்தான் நானே ரத்து பண்ணிட்டேனே."

"நீங்க இல்ல. கம்பெனிக்காரங்க." கனி மெதுவாகச் சொன்னாள். "தடுத்து வச்ச பொண்ணுதான விக்கிது. ஆடுற பொண்ணை யாரு பாக்கா? எந்த மைதானத்துலயாவது ஸ்டிக்கோட நான் நின்னா, அன்னைக்கே எல்லாம் நின்னுரும். வாங்குனதையும் திருப்பிக் குடுக்கணும்."

"இப்படி ஒண்ணுல எப்படிம்மா கையெழுத்துப் போட்ட?"

"ஆடக்கூடாதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. சும்மா இருந்தா காசு தாரோம்னு அவங்க வந்தாங்க. எப்பிடியும் சும்மாதான இருக்கோம்னு போட்டேன்."

அதில் குத்தல் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அதுதான் சுடர்க்கொடிக்குத் தாங்கவில்லை.

சட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் அவள் மனதுக்குள் புரட்டினாள். ஆடுவதற்குக் காசு கொடுத்தால் குற்றம். ஆடாமல் இருப்பதற்குக் கொடுத்தால்? அப்படி ஒருவர் கொடுப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால் பிரிவும் இல்லை. ஆட்டத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆணையத்தில் இதுவரை பார்த்ததிலேயே சுத்தமான முகக்காசு இதுதான். அதற்குச் சான்றிதழ் கொடுத்ததும் அவள்தான். வெட்கமாக இருந்தது. அந்த வீட்டை விட்டு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

கனியின் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். மகளையும் பார்க்கவில்லை, வந்தவளையும் பார்க்கவில்லை.

"ஒப்பந்தத்தை முறிச்சிட்டா?" என்று கேட்டாள் சுடர்க்கொடி, அம்மா உள்ளே போனதும்.

"அம்மா திரும்ப தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகணும். நானும் பக்கத்துல உக்காரணும். உங்க மெஷின்ல பாத்தோம்லாக்கா." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. பிறகு உள்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரம் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"ஒரு எடத்துக்கு வாங்க. யாருட்டயும் சொல்லக்கூடாது. உங்க ஆபீஸ்லயும்."

இரண்டு தெரு தள்ளி, மூடிக் கிடந்த ஒரு பஞ்சு குடோன். பின்பக்கக் கதவைக் கனி ஒரு விதமாகத் தட்ட, உள்ளிருந்து திறந்தார்கள். பழைய அணிப் பெண்கள் மூன்று பேர் நின்றார்கள். சுடர்க்கொடியைக் கண்டதும் ஸ்டிக்குகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள்.

"பயப்படாதீங்கட்டி. நம்ம அக்காதான்," என்றாள் கனி.

மேலே தகரக்கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் விழுந்தது. கடைசிச் சுவரில் கரியால் கோல் வரைந்திருந்தார்கள். எவரிடமோ இரவல் வாங்கிய கவசங்களைக் கனி கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு வாரை இறுக்கும்போதும் அவள் உடம்பு நிமிர்ந்துகொண்டே வந்தது. சுவருக்கு முன்னால் போய்க் குனிந்து நின்றபோது, சற்றுமுன் வீட்டில் காகிதத்தை மடித்த பெண் இவள்தானா என்று இருந்தது. முதல் பந்து வந்தது. காலால் உதைத்தாள். அது பக்கத்துத் தகரத்தில் போய் இடி மாதிரி விழுந்தது.

பார்க்க ஒருவரும் இல்லை. கைதட்டவும் ஆள் இல்லை. தேர்வுக்குழு இல்லை, மைக் இல்லை, ஜெயித்தால் இரண்டு மடங்கு என்று கத்த அண்ணாச்சி இல்லை. இதனால் அவளுக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. தெரிந்தால் இருப்பதெல்லாம் போய்விடும். சட்டம் எழுதினவர்கள் மாணவர்களின் ஆட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்களோ, அந்த ஆட்டத்தைச் சுடர்க்கொடி தன் சர்வீஸில் முதல்முறையாகப் பார்த்தாள்.

"அக்கா, காவலுக்கு வாசல்ல நிக்கிற முறை இன்னைக்கு எனக்கு," என்றாள் ஒருத்தி. "நீங்க நின்னீங்கன்னா நானும் ரெண்டு அடி அடிச்சிருவேன்."

சுடர்க்கொடி வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, குடோனைச் சுற்றி ரோட்டுப் பக்கம் வந்து நின்றாள். உள்ளே மறுபடி தகரம் அதிர்ந்தது. மொபெட்டில் போன ஒருவர் நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"என்னம்மா உள்ள சத்தம்? பூட்டிக் கிடக்க குடோன்ல?"

விளையாட்டு நெறி ஆணையத்தின் அதிகாரி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கூரைக்குத் தகரம் மாத்துறாங்க," என்றாள்.

"இம்புட்டு நாள் கழிச்சா? யாரு மாத்துறா?"

"நான்தான் மாத்தச் சொல்லியிருக்கேன். கொஞ்ச நாளைக்குச் சத்தம் இருக்கும். நீங்க போங்க அண்ணே."

அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். மதுரைக்குப் போகிற பஸ் முக்கில் திரும்பி, ஹாரன் அடித்துக்கொண்டு எதிரே வந்தது. அவள் கை காட்டவில்லை.